கிளினிக் அட்டையை முதலில் எடுங்கள்: ஓய்வுபெற்ற தம்பதியர் ஓர் ஆண்டைப் போட்டுக்கொள்ளும் விதம்

"வேலைதான் முடிஞ்சிருச்சே, இனி எப்ப வேணும்னாலும் போகலாம்" என்று சொல்லும் தம்பதிகள்தான் எங்கும் போகாமல் உட்கார்ந்துவிடுகிறார்கள். காசு ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம் தேதி. திருவிழாவையும் கல்யாணத்தையும் முதலில் குறித்து வைக்கிறோம். டிக்கெட் போட்ட பிறகுதான் நடுவில் கிளினிக் தேதி விழுவது தெரிகிறது. பிறகு எதையாவது ரத்து செய்ய வேண்டியதாகிறது. அதனால் ஆண்டை மருந்திலிருந்து கட்டுங்கள். மற்றதெல்லாம் அதற்கு இடம் கொடுக்கும், மருந்து கொடுக்காது.

இந்தக் குறிப்பு மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டை வைத்து எழுதியது. பீடோர், தாப்பா, லூனாஸ், பந்திங் என்று எந்தத் தோட்டப்புறப் பட்டணத்தில் இருந்தாலும் ஊர்ப்பெயரை மாற்றிக்கொள்ளுங்கள், மற்றது பொருந்தும்.

காலண்டர் போடுவது

கட்டம் பெரிதாக இருக்கும் காலண்டர் வேண்டும். கடையில் சும்மா கொடுக்கும் குதிரை காலண்டரே போதும். திதி, நட்சத்திரம் பார்க்கத் தமிழ் நாட்காட்டி ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். இருவரின் அரசாங்கக் கிளினிக் அட்டைகளையும் எடுத்து, கணவருடையதை நீலத்திலும் மனைவியுடையதைச் சிவப்பிலும் எழுதுங்கள். டாக்டரைப் பார்க்கும் நாள் மட்டும் போதாது. அதற்கு முன்னால் வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்கும் நாள், இடையிடையே மருந்து வாங்கும் நாள், கண் பரிசோதனை எல்லாம் ஏற வேண்டும். எழுதி முடித்ததும் இருவர் தேதியும் தனித்தனியாகச் சிதறிக் கிடப்பது கண்ணுக்குத் தெரியும். அடுத்த முறை கவுண்டரில், "ரெண்டு பேருக்கும் ஒரே நாள் போட்டுக் கொடுங்க" என்று கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். இதனாலேயே சில வாரங்கள் கைக்கு வந்துவிடும்.

பிள்ளை வீட்டில் தங்கப் போனால் மருந்துக்காகத் திரும்பி ஓடி வரத் தேவையில்லை. எஸ்பியுபி என்ற முறையில் வேறு ஊர் அரசாங்கக் கிளினிக்கிலேயே மீதி மருந்தை வாங்கிக்கொள்ளலாம். மருந்தகக் கவுண்டரில் முன்கூட்டியே சொல்லி, எந்த ஊர், எந்தக் கிளினிக் என்று பதிந்துகொள்ள வேண்டும். போகும் அன்று காலையில் போய்க் கேட்டால் நடக்காது. அஞ்சலில் அனுப்பும் ஏற்பாடும் உண்டு, ஆனால் ஐஸ் பெட்டியில் (ஃபிரிட்ஜில்) வைக்க வேண்டிய மருந்துக்கு அதை நம்பாதீர்கள். வெளிநாட்டுப் பயணம் என்றால் டிக்கெட் நகலைக் காட்டிக் கூடுதல் நாளுக்குக் கேளுங்கள். டாக்டரைப் பார்க்கும் நாளிலேயே கேட்பது நல்லது. மருந்துச் சீட்டில் அவர் எழுதினால்தான் மருந்தகத்தில் எடுத்துத் தருவார்கள்.

மருந்துத் தேதிகள் ஏறிய பிறகு அசையாத நாட்களைப் போடுங்கள்: பொங்கல், தைப்பூசம், உங்கள் கோயில் திருவிழா, தீபாவளி, வீட்டுத் திதிகள். அடுத்து பேரப்பிள்ளைகளின் பள்ளி விடுமுறை. 2026 முதல் பள்ளி ஆண்டு மறுபடி ஜனவரியில் தொடங்குவதால், பழைய கணக்கை வைத்துக்கொண்டு ஆண்டிறுதி நீண்ட விடுமுறையை பிப்ரவரி, மார்ச்சில் எதிர்பார்க்காதீர்கள். இவ்வளவும் எழுதிய பிறகு வெறுமையாக நிற்கும் வாரங்கள்தான் பயணத்துக்கு.

பணமும் கைரேகையும்

இ.பி.எஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தை மொத்தமாக எடுத்து வங்கியில் போட்டுவிட்டு, பிறகு மகனின் வீட்டு முன்பணத்துக்கும் மருமகன் வியாபாரத்துக்கும் கொடுப்பது நம் ஊரில் நடக்கிற கதை. எடுக்கத்தான் வேண்டும் என்று சட்டம் இல்லை. 100 வயது வரை அங்கேயே கிடந்து ஈவுத்தொகை பெறும், வேண்டியபோது வேண்டியதை மட்டும் எடுக்கலாம். வாரிசுப் பெயர் பதிந்திருக்கிறதா என்று இருவரும் பாருங்கள். கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரைப் போட்டவர்கள் அப்படியே விட்டிருப்பார்கள். 1960இல் அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு இருந்தால், அதன் வாரிசுப் பெயரையும் அப்போதே பார்த்துவிடுங்கள். அப்பா காலத்துப் பங்குச் சீட்டுகள் பல வீட்டு அலமாரியில் இன்னும் தூங்குகின்றன.

கவுண்டருக்குப் போகும்போது இன்னொரு தொல்லை காத்திருக்கும். முப்பது வருஷம் ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய கையில் கட்டைவிரல் ரேகை தேய்ந்து போயிருக்கும், மெஷின் ஏற்காது. போவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே இரவில் தேங்காய் எண்ணெயோ கிரீமோ தடவி வாருங்கள். முதல் நாள் வெறுங்கையால் சோப்புத்தூளில் துணி அலச வேண்டாம். அன்று காலை எண்ணெய்ப் பசை இல்லாமல் கையைக் கழுவித் துடைத்துவிட்டுப் போங்கள். அப்படியும் விழாவிட்டால் மற்ற விரல்களை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கடப்பிதழ் (பாஸ்போர்ட்) எடுக்கும்போதும் இதே பாடுதான். 60 வயதைத் தாண்டியவர்களுக்குக் கடப்பிதழ் 200 வெள்ளி (ரிங்கிட்) இல்லை, 100 வெள்ளிதான்.

இந்தியப் பயணம்

எப்போது போவது? தமிழ்நாட்டில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. ஏப்ரல், மே வெயில் இங்கே வளர்ந்த உடம்புக்கு ஆகாது. தைப்பூசம் முடிந்ததிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரைதான் நல்ல காலம். ஆனால் குலதெய்வக் கோயிலைத் தேடிப் போகிறவர்கள் வெயிலை மட்டும் பார்க்கக் கூடாது. மதுரை, தேனி, விருதுநகர்ப் பக்கம் மாசி சிவராத்திரிக்குத்தான் பங்காளிகள் எல்லாம் ஒன்று சேர்வார்கள். நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் சாஸ்தா கோயில் என்றால் பங்குனி உத்திரம். அந்த நாளில் போய் நின்றால், "நீங்க யாரு வீட்டுப் பிள்ளை?" என்று கேட்க ஆள் இருக்கும். மற்ற நாளில் போனால் கோயில் பூட்டியிருக்கும், பூசாரி வயலுக்குப் போயிருப்பார்.

முன்னோர் ஊரையே இனிமேல்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்றால், கிளம்புவதற்கு ஆறு மாதம் முன்பே காகிதங்களைத் தேடத் தொடங்குங்கள். தாத்தாவின் இறப்புச் சான்றிதழ், குடியுரிமைப் பத்திரம், பழைய இந்தியக் கடிதங்களின் உறை, கல்யாணப் பத்திரிகை எல்லாம் பயன்படும். ஊர்ப்பெயர் மட்டும் போதாது. புதுப்பட்டி என்று தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர் உண்டு. தாலுகா, பக்கத்துப் பெரிய ஊர், குலதெய்வத்தின் பெயர் மூன்றும் இருந்தால்தான் தேடுகிறவருக்குப் பிடி கிடைக்கும். குலதெய்வப் பெயரை வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். காகிதத்தில் அது இருக்காது.

ஜில்லாப் பெயரில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். பழைய பத்திரத்தில் 'திருச்சி ஜில்லா' என்றிருக்கும் ஊர் இன்று கரூரிலோ பெரம்பலூரிலோ அரியலூரிலோ இருக்கலாம். 1995இல் திருச்சியைப் பிரித்தார்கள். சேலத்திலிருந்து 1965இல் தர்மபுரியும் 1997இல் நாமக்கல்லும் பிரிந்தன. தஞ்சாவூர் என்றிருந்தால் 1991இல் உண்டான நாகப்பட்டினத்தையும் 1997இல் வந்த திருவாரூரையும் சேர்த்துத் தேடுங்கள். தென்னார்க்காடு என்றால் இன்றைய கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி. ஆங்கிலத்தில் கிராணி (எழுத்தர்) காதால் கேட்டு எழுதிய ஊர்ப்பெயரை அப்படியே வாசிக்காமல், வாய்விட்டுப் பலவிதமாகச் சொல்லிப் பாருங்கள். ல, ழ, ள மூன்றுக்கும் அவர் ஒரே எழுத்துதான் போட்டிருப்பார்.

விசாவுக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், குறைந்தது நான்கு நாள் முன்னதாக. கடப்பிதழ் இன்னும் ஆறு மாதத்துக்காவது செல்ல வேண்டும். அரசாங்கத் தளத்தைப் போலவே தோன்றும் இடைத்தரகர் தளங்கள் அதிகம், அவை மேற்கொண்டு கட்டணம் பிடுங்கும். முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா என்று பாருங்கள். பெயர் எழுதும்போது நம் கடப்பிதழில் உள்ள 'ஏ/எல்' (இன்னாரின் மகன்), 'ஏ/பி' (இன்னாரின் மகள்) சாய்கோடு தகராறு செய்யும். கோட்டை மட்டும் விட்டுவிட்டு எழுத்துகளைச் சேர்த்தே போடலாம். எப்படிப் போட்டாலும் விமான டிக்கெட்டிலும் விசாவிலும் ஒரே மாதிரி இருக்கட்டும். பேரன் ஒருவிதமாக டிக்கெட் போட்டு, பேத்தி வேறுவிதமாக விசா போட்டால் கவுண்டரில் நிற்கப் போவது நீங்கள்.

கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒட்டிய பயணம். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈடிஎஸ் ரயிலில் கேஎல் சென்ட்ரல், அங்கிருந்து விமான நிலைய ரயில் என்று போனால் பெட்டியோடு பஸ் மாற வேண்டியதில்லை. எல்லா ஈடிஎஸ் ரயிலும் இங்கே நிற்பதில்லை, அதனால் ரயில் நேரத்தைப் பார்த்துவிட்டு விமானம் போடுங்கள். மூத்த குடிமக்களுக்குக் கட்டணக் கழிவு உண்டு. டிக்கெட் எடுக்கும்போதே மைகாட் (அடையாள அட்டை) எண்ணோடு அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மருந்து எல்லாம் கைப்பையில், மருந்தகம் கொடுத்த பெயர் ஒட்டிய பையோடு. திறக்காத இன்சுலினைப் பெட்டியில் போட்டு விமானத்தின் அடியில் அனுப்பினால் உறைந்து போகலாம். உறைந்த இன்சுலின் வேலை செய்யாது, பார்த்தால் வித்தியாசமும் தெரியாமல் இருக்கலாம். கிராமத்தில் கரண்ட் போனால் ஈர மணலில் வைத்த மண்பானை கொஞ்சம் தாங்கும். இந்திய நேரம் நமக்கு இரண்டரை மணி பின்னால். இங்கே காலை 8 மணி மாத்திரை அங்கே 5.30. ஒரு வேளை மாத்திரையை அங்கத்துக் காலைக்கு மாற்றிக்கொள்வதில் பெரும்பாலும் சிக்கல் இல்லை, இன்சுலினுக்கு மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு போங்கள்.

வீட்டில் ஒளித்து வைத்த பழைய இந்திய நோட்டுகளை நம்ப வேண்டாம். பழைய 500, 1000 ரூபாய் 2016இலேயே செல்லாமல் போயின. 2000 ரூபாயையும் 2023இல் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். நம் ஊர் சிம் கார்டைக் கழற்றி எறிய வேண்டாம். வங்கி அனுப்பும் குறுஞ்செய்தி அதற்குத்தான் வரும். பிரிபெய்ட் என்றால் திரும்பி வரும் நாளைத் தாண்டிச் செல்லுபடியாகும் அளவுக்குக் காசு ஏற்றிவிட்டுக் கிளம்புங்கள்.

திரும்பும்போது விதை, கன்று, பழம், கறிவேப்பிலை எதுவும் அனுமதிச் சீட்டு இல்லாமல் வரக்கூடாது. சித்தப்பா வீட்டு முருங்கை விதை நாலுதானே என்றால் அதுவும் விதைதான்.

வீட்டைப் பூட்டிவிட்டுப் போவது

ஆறு வாரம் வீடு பூட்டிக் கிடந்தால் நாசமாவது பெரும்பாலும் ஐஸ் பெட்டியிலிருந்துதான் தொடங்கும். பேராக்கில் இடிக்குப் பஞ்சமில்லை. ஒரு பெரிய இடி இடித்தால் ஈஎல்சிபி (வீட்டுக் கரண்ட்டைத் தானே துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்துவிடும். தூக்கிவிட ஆள் இல்லை. உள்ளே இருக்கும் மீனும் கறியும் உருகி, அழுகி, வடிந்து, பெட்டியின் ரப்பர் ஓரம் வரை ஊறிவிடும். அந்த வாடை எத்தனை முறை கழுவினாலும் முழுதாகப் போகாது. ஆகவே கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போதே மீன், கறி வாங்குவதை நிறுத்தி உள்ளதைத் தின்று தீர்த்துவிடுங்கள். பிளக்கைப் பிடுங்கி, பனி உருகித் துடைத்த பிறகு, கதவு மூடாதபடி ஒரு துண்டை மடித்துச் செருகுங்கள். மூடி வைத்தால் பூசணம் பிடிக்கும். டிவி, டிகோடர், மோடம் எல்லாவற்றையும் பிளக்கோடு பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, இடி வயர் வழியாக வரும். ஏரியல் வயரையும் கழற்றிவிடுங்கள்.

கேஸ் தோம்பில் (சிலிண்டரில்) ரெகுலேட்டரைக் கழற்றி வையுங்கள். தண்ணீர் மீட்டர் பக்கத்து வால்வை மூடுங்கள். குளியலறைத் தரைக் குழியில் தண்ணீர் வற்றினால் கரப்பானும் சாக்கடை நாற்றமும் உள்ளே ஏறும். அரை வாளி தண்ணீர் ஊற்றி, மேலே இரண்டு கரண்டி சமையல் எண்ணெய் விட்டால் வற்றுவது தாமதமாகும்.

வெளியே தண்ணீர் தேங்கும் எல்லாவற்றையும் கவிழ்த்து வையுங்கள்: வாளி, பூச்சட்டித் தட்டு, பழைய டயர், சாமி மேடையில் இருக்கும் செம்பு. சுகாதார இலாகா 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி சோதனைக்கு வந்து ஏடிஸ் புழுவைக் கண்டால், வீட்டில் ஆள் இல்லை என்பது சாக்காகாது. கூரைப் பீலியில் இலை அடைத்திருந்தால் அங்கேயும் கொசு வளரும். பக்கத்து வீட்டில் சாவி ஒன்று, வாரத்தில் ஒரு நாள் வந்து ஒரு சுற்றுப் பார்க்கச் சொல்லி ஒரு வேண்டுகோள். காரின் பேட்டரி நெகட்டிவ் வயரைக் கழற்றி வைத்தால் வந்ததும் ஸ்டார்ட் ஆகும்.

பக்கத்துப் பயணங்கள்

இவற்றுக்குப் பெரிய திட்டம் வேண்டாம், ஒரு பகல் போதும். கோலகங்சாரில் 1877இல் பேராக்கின் ஆங்கிலேய ரெசிடெண்ட் ஹியூ லோ நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்னும் மரமாக நிற்கிறது. நம் பாட்டன்மார் கப்பல் ஏறியதற்குக் காரணமான மரம் என்று பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட அதைவிட நல்ல இடம் கிடையாது. தைப்பிங் ஏரிப் பூங்காவுக்குக் காலையிலேயே போய்விடுங்கள், அங்கே மதியத்துக்கு மேல் மழையை நம்ப முடியாது. பங்கோர் தீவுக் காளியம்மன் கோயிலுக்கு மாசி மகத்தன்று போனால் லுமுட் படகுத்துறையில் கூட்டம் நெரியும். முழங்கால் வலி உள்ளவர்கள் வேறு நாள் பார்க்கலாம். பத்துமலை 272 படிகளும் அப்படித்தான். ஏறுவதென்றால் பூசத்தன்று வேண்டாம், ஒரு சாதாரண நாள் காலை ஏழு மணிக்கு ஏறுங்கள்.

கோயிலும் ஊரும்

தோட்டத்தை விற்று லயத்தை (தொழிலாளர் குடியிருப்பை) இடித்தாலும் கோயில் திருவிழாவுக்கு எல்லாரும் திரும்பி வருவார்கள். குடும்ப வரியைக் கொடுத்ததும் ரசீது வாங்குங்கள். உபயம் எடுக்க நினைத்தால் ஆண்டுக் கூட்டத்திலேயே நாளைக் கேட்டு வாங்கிவிட வேண்டும். பிள்ளைகள் லீவு போட வசதியாக வார இறுதி உபயம் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. ஓய்வுபெற்றவர் என்று தெரிந்ததும் பொருளாளர் பதவியை உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள். ஏற்றுக்கொண்டால் அந்த ஆண்டு இந்தியாவை மறந்துவிடுங்கள்.

உபயத்துக்கு 50 பேருக்கு இலைச் சாப்பாடு போட 6 கிலோ அரிசி, சாம்பாருக்கு ஒன்றரைக் கிலோ துவரம்பருப்பு, மூன்று காய்கறிக்கு மொத்தம் 12 கிலோ, பாயசத்துக்கு முக்கால் கிலோ சேமியா, கால் கிலோ ஜவ்வரிசி, 5 லிட்டர் பால், ஒன்றேகால் கிலோ சீனி. சோற்றை இரண்டு தவணையாக வடியுங்கள். 6 கிலோவையும் ஒரே சட்டியில் போட்டால் அடி குழைந்து நடு வேகாமல் நிற்கும்.

தீபாவளி முறுக்கு

பிள்ளைகள் வீட்டுக்கும் சேர்த்துச் சுடுவதாக இருந்தால் தீபாவளிக்கு இரண்டு வாரம் முன் சுடுங்கள். ஒரு மாதம் முன்பே சுட்டால் எண்ணெய்ச் சிக்கு வாடை வந்துவிடும். ஒரு கிலோ அரிசி மாவுக்கு வறுத்து அரைத்த உளுந்து மாவு 250 கிராம், வெண்ணெய் 100 கிராம், ஓமம் இரண்டு தேக்கரண்டி, எள் மூன்று தேக்கரண்டி, தேவையான உப்பு. பிசையத் தேங்காய்ப்பாலைக் கொஞ்சம் சூடாக்கி ஊற்றுங்கள்.

உளுந்து மாவைக் கண்டிப்பாகச் சலிக்க வேண்டும். குருணை ஒன்று நின்றாலும் எண்ணெயில் முறுக்கு வெடிக்கும், முகத்தில் தெறிக்கும். வெண்ணெய் கூடினால் பிழியும்போதே உதிர்ந்து எண்ணெயில் கரையும். குறைந்தால் கல்லாகிவிடும், பல் செட் போட்டவர்களுக்கு ஆகாது. மாவை மொத்தமாகப் பிசைந்து வைக்காதீர்கள். நேரம் ஆக ஆகப் புளித்து, முறுக்கு சிவந்து எண்ணெய் குடிக்கும். கால் கிலோ கால் கிலோவாகப் பிசைந்து ஈரத்துணி போட்டு மூடுங்கள். துளி மாவைப் போட்டதும் உடனே மேலே வந்தால் எண்ணெய் தயார். கருகிக்கொண்டு வந்தால் தீயைக் குறையுங்கள். முறுக்கைச் சுற்றி நுரை அடங்கியதும் எடுத்துவிடலாம், நிறத்துக்காகக் காத்திருந்தால் ஆறும்போது இன்னும் கறுக்கும்.

பேரப்பிள்ளைகளுக்கு முறுக்குக் குழலைச் சுற்றும் வேலையைக் கொடுக்கலாம், எண்ணெய்ப் பக்கம் விட வேண்டாம். நன்றாக ஆறாமல் டின்னில் அடைத்தால் ஆவி படிந்து நமத்துப் போகும். இரண்டு மணி நேரம் காகிதத்தில் பரப்பி வைத்த பிறகே டின்னில் போடுங்கள். கூரியரில் அனுப்புவதென்றால் டின்னின் அடியிலும் மேலேயும் கசக்கிய காகிதத்தைத் திணியுங்கள். சாமான் குலுங்கினால் மகள் கைக்குப் போய்ச் சேர்வது முறுக்குத் தூள்தான்.